தோஜிரோ டிபி 210 மி.மீ. க்யூடோ: வீட்டுச் சமையலறைக்கு ஒரு ஜப்பானியக் கத்தி

வீட்டில் அன்றாடம் சமைப்பவர் ஒருவர், ஜப்பானியக் கத்தி வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: அலகில் அலையலையாகக் கோலம் ஓடும் கத்திகளைக் கையில் எடுத்து ரசியுங்கள், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் பாதிக்குக் கோலமில்லாத மூன்றடுக்குக் கத்தி ஒன்று வரும். மீதியில் நல்ல சாணைக்கல் ஒன்று வரும். கல் இல்லாமல் வாங்கிய கத்தி, என்ன விலை கொடுத்திருந்தாலும், சில மாதங்களில் தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கிவிடும்.

நான் வாங்கியது தோஜிரோ நிறுவனத்தின் டிபி வரிசையில் வரும், 210 மில்லிமீட்டர் நீள அலகு கொண்ட க்யூடோ, அதாவது மேலைநாட்டுச் சமையற்காரர் கத்தி போன்ற வடிவம். டோக்கியோவில், இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் நிஷிகசாயில் எங்கள் வீடு. காலையில் சட்னிக்கு வெங்காயம் நறுக்குவதிலிருந்து இரவுப் பொரியலுக்கு முட்டைக்கோஸ் அரிவது வரை சில ஆண்டுகளாக இந்த ஒரு கத்தியில்தான் நடக்கிறது. வாங்கியபோது விலை 10,000 யென்னுக்கு மேல், 15,000 யென்னுக்குள் இருந்தது. மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விலையில் இதைவிட நன்றாக வெட்டும் கத்தியை நான் கையில் பிடித்ததில்லை.

டோக்கியோவில் கத்தி தேடுகிறவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் கப்பாபாஷி. ஆசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் நடுவே ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்கு ஓடும் தெரு. உணவகங்களுக்கு வேண்டிய பாத்திரம், அடுப்பு, பீங்கான், வாசல் விளக்கு, கண்ணாடிக்குள் அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் சாப்பாட்டு மாதிரி என்று 170-க்கும் மேற்பட்ட கடைகள். கின்சா சுரங்க ரயிலில் தவராமாச்சி நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால், ஒரு கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பி அணிந்த சமையற்காரரின் பிரம்மாண்டமான தலை தெரியும். அதைக் குறிவைத்து நடந்தால் தெரு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலையிலேயே போவது நல்லது. கூட்டம் இல்லாதபோது கடைக்காரர்கள் பொறுமையாகப் பேசுவார்கள். கத்தி வாங்குவதில் பாதி வேலை அந்தப் பேச்சுதான்.

நான் போன கடையில் இருந்த பெரியவர், எவ்வளவு செலவழிப்பதாக உத்தேசம் என்று கேட்கவில்லை. "அதிகமாக நறுக்குவது என்ன?" என்றார். காய்கறி, கீரை, வாரத்தில் ஒரு நாள் மீன் என்றேன். "நறுக்கி முடித்த உடனே துடைத்து வைப்பீர்களா?" அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது எப்படித் துடைப்பது? சாதம் வடித்து, குழம்பை இறக்கிவிட்டுத்தான் என்றேன். "தீட்டப்போவது யார்?" நான்தான், கற்றுக்கொள்ளப்போகிறேன் என்றேன். அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிப் பேழையை விட்டு நகர்ந்து, பின்னாலிருந்த அலமாரியின் நடுத்தட்டிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்துத் துணி விரித்து அதன்மேல் வைத்தார். இரண்டுமே பேழையில் இருந்தவற்றைவிட விலை குறைவு. ஒரு வியாபாரி நம் சமையலைக் கேட்டுவிட்டு விலையில் கீழே இறங்கி வந்தால் அவரை நம்பலாம். அவருடைய மூன்று கேள்விகளையும் வாங்கப்போகும் எவரும் கடைக்குக் கிளம்புமுன் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன்.

முதல் கேள்வி கத்தியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஜப்பானியக் கத்தி என்றவுடன் பலர் நினைத்துக்கொள்வது மீனைப் பச்சையாக மெல்லிய வில்லைகளாக இழுத்து அரியும் நீண்ட யானகிபாவை. அது ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்ட கத்தி. கேரட்டை வெட்டினால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இடக்கைக்காரர்களுக்கு அதைத் தனியாகச் செய்ய வேண்டும், விலையும் கூடும். மீன் தலையை வெட்டும் கனத்த தேபாவும் அப்படித்தான். வீட்டுக்கு வேண்டியது இரு பக்கமும் தீட்டிய கத்தி. அதில் மூன்று வடிவங்களைப் பார்த்தால் போதும்: காய்கறிக்கென்றே செவ்வகமாக வரும் நாகிரி, ஜப்பானிய வீடுகளில் எங்கும் காணப்படும் சாந்தோகு, மேலைநாட்டுச் சமையற்காரர் கத்தியின் வழியில் வந்த க்யூடோ.

க்யூடோவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மெய்ஜி காலத்தில், 1872-இல் பேரரசர் மாட்டிறைச்சி உண்டதை வெளிப்படையாக அறிவித்த பிறகு, அதுவரை ஒதுக்கப்பட்டிருந்த இறைச்சி நகரத்து உணவகங்களுக்குள் வந்தது. அதை வெட்ட மேலைநாட்டுக் கத்தியைப் பார்த்துச் செய்ததுதான் இந்த வடிவம். 1876-இல் பொது இடங்களில் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டது. வாளுக்குக் கிராக்கி போனதும் வாள் அடித்த கொல்லர்கள் பலர் சமையற்கத்திக்கும் அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் திரும்பினார்கள். கிஃபு மாநிலத்தின் செகி நகரம் அப்படி மாறிய ஊர்களில் முதன்மையானது. சாந்தோகு இன்னும் பிந்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, காய்க்கொரு கத்தி, மீனுக்கொரு கத்தி என்று வைத்துக்கொள்ளச் சின்ன வீடுகளில் இடமில்லாமல் போனபோது பரவியது.

சாந்தோகு பெரும்பாலும் 165 முதல் 180 மில்லிமீட்டர் வரை இருக்கும். அலகு அகலம், முனை தாழ்ந்து வளைந்திருக்கும். நேராகக் கீழே அழுத்தி வெட்டுகிறவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் அது போதும். நான் 210 க்யூடோவை எடுத்ததற்குக் காரணம் முட்டைக்கோஸ். பாதி முட்டைக்கோஸைப் பலகையில் கவிழ்த்து வைத்துப் பொரியலுக்கு மெல்லிசாக அரியும்போது 170 மில்லிமீட்டர் அலகின் முனை காய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. 210-இல் முனை வெளியே வந்து பலகையைத் தொடுகிறது. பூசணிக்கும் அதே கதை. அப்படியானால் 240 இன்னும் வசதிதானே என்று கேட்கலாம். ஜப்பானிய அடுக்ககங்களில் தொட்டிக்குக் கீழே உள்ள கதவின் உட்புறம் கத்தி செருக ஒரு கூடு வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக் கூட்டில் 240 நுழையாது. பலகை வைக்கும் மேடையும் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். நாள்தோறும் பயன்படும் கத்தியின் நீளம் நம் மேடைக்கும் பலகைக்கும் பொருந்த வேண்டும். உணவகச் சமையற்காரர் வைத்திருக்கும் நீளம் நமக்கு அளவுகோல் இல்லை.

இரண்டாவது கேள்வி, துடைப்பீர்களா என்பது, எஃகைத் தீர்மானிக்கிறது. இங்கேதான் விளம்பரங்கள் மிகவும் குழப்பும்.

ஷிரோகாமி, அவோகாமி என்ற இரண்டு பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். இரண்டும் ஷிமானே மாநிலத்தின் யாசுகியில் வார்க்கப்படும் கரிம எஃகுகள். முன்னது ஏறத்தாழ இரும்பும் கரியும் மட்டும். பின்னதில் டங்ஸ்டனும் குரோமியமும் கொஞ்சம் சேரும். கல்லில் வைத்தால் ஷிரோகாமிபோல் விரைவாகக் கூர் ஏறும் எஃகு வேறில்லை. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டும் துருப்பிடிக்கும். ஈரத்தோடு பத்து நிமிடம் விட்டால் ஆரஞ்சு நிறப் புள்ளி விழும். அரிவாள்மணையில் வாழைக்காயோ வாழைப்பூவோ நறுக்கியவர்களுக்கு, காயும் அலகும் விரலும் கறுப்பது எப்படி என்று தெரியும். கரிம எஃகுக் கத்தியிலும் அதேதான் நடக்கும். புளிப்பான மாங்காயை நறுக்கினால் புதிய அலகு கறுப்பதோடு மாங்காயில் இரும்பு வாடையும் ஏறும். நாளடைவில் அலகின்மேல் சாம்பல்நீலப் படலம் படிந்து இது குறையும் என்பது உண்மைதான். அந்தப் படலம் வரும்வரை தக்காளி, எலுமிச்சை, மாங்காய், புளி என்று எல்லாப் புளிப்பும் புழங்கும் நம் சமையலறையில் ஒவ்வொரு காய்க்கும் கத்தியைக் கழுவித் துடைக்க வேண்டும். மனம் ஒப்பிச் செய்பவர்கள் செய்யட்டும். தாளிப்புக்கு நடுவே என்னால் முடியாது.

தோஜிரோ டிபியின் நடுவில் இருப்பது விஜி 10 என்ற எஃகு. ஃபுகுயி மாநிலத்து எச்சிசென்னில் இருக்கும் தகேஃபு எஃகு ஆலை உருவாக்கியது. ஏறக்குறைய ஒரு சதவீதம் கரி, 15 சதவீதம் குரோமியம், கொஞ்சம் கோபால்ட். குரோமியம் துருவைத் தடுக்கிறது, கரி கடினத்தைத் தருகிறது. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் ஜெர்மானிய வீட்டுக் கத்திகள் பெரும்பாலும் 56-ஐ ஒட்டி இருக்கும். இது 60-ஐ ஒட்டி. காகிதத்தில் நான்கு புள்ளி வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. பலகையில் அப்படி இல்லை. மென்மையான எஃகை மிக மெல்லிதாகத் தீட்டினால் விளிம்பு மடங்கிவிடும்; அதனால் அதைச் சற்றுத் தடிமனான கோணத்தில் நிறுத்துவார்கள். கடினமான எஃகைப் பக்கத்துக்கு 15 பாகை அளவுக்குச் சாய்வாகத் தீட்டலாம், அது அப்படியே நிற்கும். காய்க்குள் கத்தி இறங்கும் சுகத்துக்கு இந்தச் சாய்வும், விளிம்புக்கு மேலே அலகு எவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்பதும்தான் காரணம்.

கடினத்துக்கு ஒரு விலை உண்டு. கடினமான எஃகு நொறுங்கும். அதனால்தான் நடுவில் விஜி 10-ஐ வைத்து, இரு புறமும் மென்மையான துருவேறா எஃகை ஒட்டி, மூன்றடுக்காகச் செய்கிறார்கள். அலகை வெளிச்சத்தில் சாய்த்தால் விளிம்புக்குச் சற்று மேலே மெல்லிய கோடு ஒன்று நெளிந்து ஓடும். அதற்குக் கீழே தெரிவது நடு எஃகு, மேலே தெரிவது போர்வை. கோலம் போட்ட கத்திகளில் இந்தப் போர்வையைத்தான் பல அடுக்குகளாக மடித்து, அமிலத்தில் தோய்த்து அலைகளை வெளிக்கொண்டு வருகிறார்கள். கண்ணுக்கு அழகு, செய்வதற்கு நல்ல திறமையும் வேண்டும். ஆனால் காயைத் தொடுவது நடு எஃகு. உள்ளே அதே விஜி 10 இருந்து, அதே கோணத்தில் தீட்டியிருந்தால், கோலத்தால் வெங்காயம் கூடுதல் மெல்லிசாக வந்துவிடாது. பெட்டியின்மேல் எஃகின் பெயரே இல்லாமல், வெறும் கோலமும் ஜப்பானிய எழுத்துமாக விற்கும் கத்திகளைத் தொடவே தொடாதீர்கள். நல்ல தயாரிப்பாளர்கள் தங்கள் எஃகின் பெயரைச் சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறவர்கள்.

தோஜிரோ 1953-இல் தொடங்கியது. நீகாதா மாநிலத்தின் த்சுபாமே நகரம் அதன் ஊர். மெய்ஜிக்கு முந்திய எடோ காலத்திலிருந்தே ஆணி அடிப்பதைத் தொழிலாகக் கொண்டு, பிறகு அரம், செம்புப் பாத்திரம், மேலைநாட்டு முள்கரண்டி என்று படிப்படியாகப் போன உலோக ஊர் அது. அலகும் பிடியும் முழுக்கத் துருவேறா எஃகாகவே வரும் குளோபல் கத்திகளும் 1985-இல் அங்கிருந்துதான் புறப்பட்டன. ஜப்பானுக்குள் தோஜிரோவின் கத்தி ஃபுஜிதோரா என்ற பெயர் பொறித்தும் விற்கப்படுகிறது. பெயரைப் பார்த்துப் போலியோ என்று திகைக்க வேண்டாம்.

இனி பலகைக்கு வருகிறேன். எனக்குப் பேச ஆசையான இடம் இதுதான்.

முதல் நாள் பெரிய வெங்காயம் ஒன்றை நறுக்கியபோது சத்தம் குறைந்ததைத்தான் முதலில் கவனித்தேன். பழைய கத்தியில் ஒவ்வொரு வெட்டுக்கும் 'கரக்' என்று கேட்கும். அது வெங்காயம் வெட்டுப்படும் சத்தமில்லை, நசுங்கிப் பிளக்கும் சத்தம். கூரான அலகு திசுக்களை நசுக்காமல் போவதால் கண்ணெரிச்சலும் குறைகிறது. வெங்காயத்தின் செல்கள் உடையும்போதுதான் அந்தக் காரமான வாயு கிளம்பும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் நறுக்கிய வெங்காயத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்காது. தயிர்ப் பச்சடிக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இஞ்சியின் நார் குறுக்கே சுத்தமாக அறுபடுகிறது. நாக்கில் நார் தட்டாத இஞ்சித் துவையலுக்கு இனி மிக்ஸியை நெடுநேரம் ஓட்ட வேண்டியதில்லை. கறிவேப்பிலையை அடுக்கி நூலாக அரிந்தால் ஓரம் கறுப்பதில்லை. கொத்தமல்லியும் அப்படியே. மழுங்கிய கத்தியில் அரிந்த கொத்தமல்லி பலகையில் பச்சைக் கறையை விட்டுப் போகும்; கூரான கத்தியில் பலகை ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். நன்றாகப் பழுத்த தக்காளியை ரசத்துக்கு நறுக்கும்போது விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியதே இல்லை. கத்தியை வைத்து முன்னே நகர்த்தினால் போதும். இங்கே கிடைக்கும் முள்ளங்கி முழங்கை நீளம் இருக்கும். சாம்பாருக்கு வில்லை போடும்போது ஒவ்வொரு வில்லையும் ஒரே கனத்தில் விழுவதால் ஒன்று குழைந்து ஒன்று வேகாமல் நிற்பதில்லை. வெண்டைக்காய்தான் சிரமம். வழவழப்பால் வில்லைகள் அலகின் பக்கவாட்டில் ஏறி ஒட்டிக்கொள்ளும். மெல்லிய, வழுவழுப்பான அலகு எதுவானாலும் உருளைக்கிழங்கும் வெண்டையும் ஒட்டத்தான் செய்யும்.

அரிவாள்மணையில் பழகிய கைக்கு ஒரு மாற்றம் தேவைப்படும். அங்கே அலகு நிற்கும், காய் நகரும். இங்கே காய் நிற்க, அலகு முன்னே தள்ளிக்கொண்டே கீழே இறங்க வேண்டும். நேர்கீழாக 'டக் டக்' என்று ஓங்கி வெட்டுவது இந்தக் கத்திக்கு வேலையும் இல்லை, நல்லதும் இல்லை. கீரையை முனையை ஊன்றி ஆட்டி ஆட்டி அரிவது சிலருக்குப் பழக்கம். க்யூடோவின் வளைவு அதற்கு இடம்தரும். ஆனால் ஆட்டும்போது பக்கவாட்டில் திருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருகுவதுதான் இதன் பெரிய எதிரி. ஜப்பானியப் பச்சைப் பூசணி, கபோச்சா, கல்லாக இருக்கும். கத்தி நடுவில் சிக்கிக்கொண்டால் எல்லோருக்கும் கை தானாகவே திருகப் பார்க்கும். அப்படித் திருகினால் விளிம்பில் பல் விழும். பூசணியை முழுதாக மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்தால் தோல் இளகும். வெடிக்காமலிருக்க முன்னதாக இரண்டு இடத்தில் குத்தி ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். இந்தியக் கடைகளில் விற்கும் உறைந்த முருங்கைக்காய், உறைந்த இறைச்சி எதையும் இதில் வெட்டக் கூடாது. தேங்காய்ச் சிரட்டை அருகேகூட வர வேண்டாம். எலும்போடு கோழி வாங்கினால் கடையிலேயே துண்டு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் தொடைக்கறி எலும்பெடுத்தே கிடைப்பதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. மீனில் சவாராவைத்தான் நான் அதிகம் வாங்குகிறேன். நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு. அதையும் முள்ளோடு துண்டாகவே தருகிறார்கள். தோலிலிருந்து சதையை நீக்குவதற்கும் சின்னத் துண்டு போடுவதற்கும் க்யூடோ அருமை. நடுமுள்ளை வெட்டுவதற்கு இல்லை.

பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதற்கு மேலைநாட்டு முறைப் பிடி, மூன்று ஆணி அறைந்தது. அலகும் பிடியும் சேரும் இடத்தில் உலோகக் கழுத்து உண்டு. இடுக்கில் தண்ணீர் புகாது. ஜப்பானிய முறைப் பிடி இலகுவான மக்னோலியா மரத்தில், கழுத்தில் எருமைக்கொம்பு வளையத்தோடு வரும். கையில் பிடித்தால் மிக இதம், ஆனால் ஈரத்தில் போட்டுவைத்தால் மரம் உப்பும். டிபியின் எடை பிடிப்பக்கம் இருக்கிறது. பிடியை முழுதாகக் கைக்குள் அடக்காமல், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அலகின் அடிப்பாகத்தில் வைத்துப் பிடித்தால் எடை சமனாகும். இந்த விலையில் வரும் கத்திகளில் பொதுவாக முதுகின் ஓரங்களை உருட்டி மழுக்கியிருக்க மாட்டார்கள். நிறைய நறுக்கும் நாளில் சுட்டுவிரலின் பக்கம் சிவந்துபோகும். மெல்லிய உப்புத்தாளால் சில நிமிடம் தேய்த்தால் சரியாகிவிடும். நானும் அப்படித்தான் செய்துகொண்டேன். உருட்டிய முதுகு, இன்னும் இலகுவான பிடி, இன்னும் மெல்லிய அலகு எல்லாம் வேண்டுமென்றால் செகியில் செய்யப்படும் மிசோனோ யூஎக்ஸ் 10-ஐப் பாருங்கள். தோழி வீட்டில் அதைப் பிடித்திருக்கிறேன். நேர்த்தியில் அது ஒரு படி மேல்தான். விலையும் இதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. அந்த வித்தியாசத்தில் நான் கல் வாங்குவேன்.

ஏனென்றால் மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. யார் தீட்டுவது?

கையில் இழுத்துவிடும் பிளாஸ்டிக் தீட்டுக்கருவிகள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அவற்றின் கோணம் நம் கத்திக்கென்று அமைந்ததில்லை. விளிம்பைச் சுரண்டிப் பிய்த்தெடுக்கும். வரியோடிய இரும்புக் கம்பியில் தேய்ப்பதும் ஜெர்மானியக் கத்திக்குத்தான் ஆகும். இதற்குத் தண்ணீர்க் கல்தான். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 எண் கொண்ட, கிங் என்ற பெயரில் விற்கும் கல் சில ஆயிரம் யென்னில் வரும்; எண் கூடக் கூடக் கல் நயமாகும். வீட்டுக்கு அது தாராளம். பல் விழுந்தால் மட்டும் 400 எண் கரடுமுரடான கல் தேவைப்படும்.

கல்லைக் குமிழி வருவது நிற்கும்வரை, ஏறக்குறைய பத்து நிமிடம், தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அடியில் ஈரத்துணி போட்டு நகராமல் வைத்து, அலகைச் சாய்த்து வைக்க வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இந்தக் கத்தியின் அலகு, பிடியை ஒட்டிய அடிப்பாகத்தில் சுமார் 45 மில்லிமீட்டர் அகலம். முதுகு கல்லிலிருந்து 12 மில்லிமீட்டர் அளவு உயர்ந்தால் 15 பாகை வந்துவிடும். என் சுண்டுவிரல் நுனியை முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே நுழைத்தால் இறுக்கமாகப் பொருந்துகிற உயரம் அது. ஒருமுறை அளந்துகொண்டபின் மணிக்கட்டு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இடக்கை விரல்களால் விளிம்புக்கு மேலே மெல்ல அழுத்தி, முன்னும் பின்னுமாக, முனையிலிருந்து அடிவரை பகுதி பகுதியாகப் போக வேண்டும். கல்லின்மேல் கரைத்த சந்தனம்போலச் சேறு எழும். அதைக் கழுவிவிடாதீர்கள், தீட்டுவதில் பாதி வேலையை அதுதான் செய்கிறது. சற்று நேரத்தில் மறுபக்க விளிம்பில் விரலைக் குறுக்காக வைத்து வருடினால் சொரசொரவென்று பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு முனையிலிருந்து அடிவரை ஒரே சீராக எழும்பும்வரை பக்கத்தை மாற்றக் கூடாது. பிறகு மறுபக்கம். பிறகு 6000-இல் அழுத்தமே இல்லாமல் இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சில இழுப்பு. கடைசியில் மடித்த செய்தித்தாளில் பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். விஜி 10-இன் பிசிறு பிடிவாதமானது, எளிதில் விடாது. ஷிரோகாமிக்காரர்கள் இந்த ஓர் இடத்தில் நம்மைவிட நிம்மதியானவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கத்திக்கு அரை மணி நேரம் பிடிக்கும். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். அந்த அரை மணி நேரம் எனக்கு மிகப் பிடித்த வேலையாகிவிட்டது. கல் நடுவில் குழிந்து வந்தால் சமப்படுத்தும் கல்லால் தேய்த்துவிட வேண்டும்; குழிந்த கல்லில் நேரான விளிம்பு கிடைக்காது. தீட்டவே நேரமில்லாதவர்கள் டோக்கியோவில் கத்திக் கடையிலேயே கொடுத்து வாங்கலாம்.

சாகாயைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் கொல்லர் அலகை அடிப்பார், தீட்டுபவர் அதை வாங்கிக் கூராக்குவார், பிடி பூட்டுவது மூன்றாமவர். மூன்றும் தனித்தனிப் பட்டறைகள், தனித்தனிக் கைகள். 16-ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய புகையிலையை நூலாக அரியும் கத்திக்குப் பெயர் பெற்று, எடோ அரசின் முத்திரையோடு நாடெங்கும் விற்ற ஊர். ஒசாகா போகிறவர்கள் ஹான்காய் டிராமில் ஏறி மியோகொகுஜிமாயே நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருக்கும் மரபுக் கைவினைக் கூடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். சுவரெங்கும் அலகுகள், அருகிலேயே விற்பனை. ஜப்பானியச் சமையற்காரர்கள் ஒருபக்கக் கத்தியைச் சாகாயிலிருந்து வாங்கவே விரும்புகிறார்கள். அது அவர்களுடைய வேலைக்கான கத்தி. சாம்பாரும் பொரியலும் செய்யும் எனக்கு, நாளையே வேறு வாங்கச் சொன்னாலும், த்சுபாமேயின் இந்தக் கத்திதான்.

பலகை விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கண்ணாடி, பீங்கான், கல் எதன்மேலும் வெட்டக் கூடாது. ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரப்பலகை நல்லது. நறுக்குமுன் தண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் மஞ்சள் கறை ஆழமாக இறங்காது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இந்தக் கத்தியைப் போடக் கூடாது. சூடும் சோப்பின் காரத்தன்மையும் பிடியையும் விளிம்பையும் கெடுக்கும். துருவேறாத எஃகு என்றாலும் புளிக்கரைசலில் ஊறப்போட்டு மறந்தால் புள்ளி விழும்.

ஊருக்கு எடுத்துப்போக வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜப்பானில் ஆறு சென்டிமீட்டரைவிட நீண்ட அலகுள்ள கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் உடன் வைத்திருப்பது குற்றம். கடையில் கட்டிக்கொடுத்த பெட்டியை வழியில் பிரிக்காமல் நேராக அறைக்குக் கொண்டுபோங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஊரில் தெருவில் சக்கரத்தோடு வரும் சாணைக்காரரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் தேங்காய்த் துருவிக்கும் அவர் கை நல்ல கைதான். ஆனால் உலர்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்கத் தேய்க்கும்போது மெல்லிய விளிம்பு சூடேறி எஃகின் பதம் இறங்கிவிடும். பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் அந்த விளிம்பு நிற்காது.

தஞ்சாவூரில் இருக்கும் தங்கைக்குப் போன முறை 170 மில்லிமீட்டர் சாந்தோகுவும் கிங் கல்லும் எடுத்துப் போனேன். அவளுடைய கை என் கையைவிடச் சிறியது; முட்டைக்கோஸும் அங்கே சின்னதாகத்தான் கிடைக்கிறது. அவள் வீட்டில் கிரானைட் மேடையின்மேலேயே வைத்து நறுக்கும் வழக்கம் இருப்பதால், பெட்டியில் ஹினோகிப் பலகை ஒன்றையும் சேர்த்தே வைத்தேன்.